காதலுக்குப் பக்கத்தில் நின்ற சொற்கள்

மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. இந்த வினைகளை இடம் மாற்றிப் பாருங்கள்: வெயில் பெய்கிறது, மழை வீசுகிறது. இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் தமிழ் பேசும் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் (கவிஞர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்). காரணம் கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. அந்தச் சொற்கள் அப்படிச் சேர்ந்தே புழங்கிவிட்டன, அவ்வளவுதான். இப்படிச் சேர்ந்தே வரப் பழகிய சொற்களை மொழியியலார் 'கொலொகேஷன்' என்பார்கள். இங்கே சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்வோம்.

இதை ஒரு கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கிலேயர். 1920களில் லாகூரில் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு பகுதி எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். ஒரு சொல் யாரோடு சகவாசம் வைத்திருக்கிறது என்று பார்த்தால் அந்தச் சொல் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும் என்பது 1957இல் வெளியான அவருடைய கட்டுரையில் வரும் புகழ்பெற்ற வாக்கியத்தின் சாரம்.

சகவாசம் காலத்துக்குக் காலம் மாறும். காதலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'லவ்', ஸ்பானியத்தின் 'அமோர்' இரண்டையும் எடுத்துக்கொண்டால், பல நூற்றாண்டுகளாக அந்தச் சொற்களின் அடிப்படைப் பொருள் பெரிதாக அசையவில்லை. பக்கத்தில் வந்து நின்ற சொற்கள்தான் மாறின. அதனாலேயே பழைய நூல் ஒன்றை இன்று படிக்கும்போது, தெரிந்த சொற்களாகவே இருந்தும் வாக்கியம் நம்மை ஏமாற்றிவிடுகிறது. தொடங்கும் முன் ஒரு சிறு குறிப்பு: ஸ்பானிய எழுத்தில் இருக்கும் ஹகரம் பேச்சில் வராது. அதனால் அந்தச் சொற்களை ஒலிக்கிறபடியே எழுதுகிறேன்.

ஜேன் ஆஸ்டினிடமிருந்து தொடங்கலாம். 1813இல் வெளியான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், நாயகி எலிசபெத், தன் அக்காள் ஜேன் மீது பிங்லி என்ற இளைஞன் 'வயலண்ட்லி இன் லவ்' ஆக, அதாவது மூர்க்கமான காதலில், இருந்தான் என்று சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் மாமி திருமதி கார்டினர் அலுத்துக்கொள்கிறார். அந்தத் தொடர் அடித்துத் துவைத்துப்போன தொடராம். அரை மணி நேரப் பழக்கத்தில் வரும் உணர்ச்சிக்கும் அதைத்தான் சொல்கிறார்கள், உண்மையான ஆழ்ந்த பற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள், அதிலிருந்து தனக்கு எதுவும் விளங்கவில்லை என்கிறார். பிறகு கேட்கிறார்: சரி, பிங்லியின் காதல் எந்த அளவுக்கு 'வயலண்ட்' ஆக இருந்தது?

மொழியியலார் பின்னாளில் பெயர் சூட்டிய ஒரு நிகழ்வை ஒரு நாவலாசிரியை வம்புப் பேச்சுக்குள் வைத்துச் சொல்லிவிட்டார். காதலின் அளவைச் சொல்ல மிகைச்சொல் ஒன்று தேவைப்படுகிறது. எல்லோரும் அதையே எடுத்தாள்வதால் அதன் வீரியம் வடிந்துபோகிறது. உடனே அடுத்த மிகைச்சொல்லைத் தேடுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'மேட்லி' இருக்கிறது. பைத்தியம்போல் என்று பொருள். 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' என்பதும் உண்டு. குதிகாலுக்கு மேலே தலை என்பது அதன் நேர்ப்பொருள். நாம் எல்லோரும் எப்போதும் நிற்கிற நிலை அதுதான்! பழைய வடிவம் 'ஹீல்ஸ் ஓவர் ஹெட்', அதாவது தலைகீழாக. அதுதான் பொருள் தரும் வடிவம். எப்போதோ யாரோ மாற்றிப்போட்டார்கள், அதுவே நின்றுவிட்டது. பழகிவிட்ட சொற்சேர்க்கையில் யாரும் தர்க்கம் பார்ப்பதில்லை.

'வயலண்ட்' என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று? அது இப்போது குற்றம், தாக்குதல், சாவு ஆகிய சொற்களோடு குடியேறிவிட்டது. இன்று ஒருவனுடைய காதல் 'வயலண்ட்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் காவல் துறையைத்தான் நினைப்பார்.

அதே ஆஸ்டின், 1815இல் வந்த 'எம்மா' நாவலில், வண்டிக்குள் எம்மாவோடு தனியே அகப்பட்ட எல்டன் என்ற பாதிரியார் அவளிடம் 'மேக்கிங் வயலண்ட் லவ்' செய்தார் என்று எழுதுகிறார். முதன்முறை படிக்கும் இன்றைய வாசகர் அதிர்ந்துபோவார். நடந்தது ஒன்றுமில்லை. எல்டன் அவள் கையைப் பற்றிக்கொண்டு, உன்னை விரும்புகிறேன், மணந்துகொள் என்று மூச்சுவிடாமல் பேசினார். அவ்வளவே. 'மேக் லவ்' என்றால் அந்தக் காலத்தில் காதல் மொழி பேசுவது, மனத்தைக் கவர முயல்வது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு அதுதான் வழக்கமான பொருள். உடலுறவு என்ற பொருள் வேர் பிடித்தது 20ஆம் நூற்றாண்டில். மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1946இல் வெளியான 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் வீட்டுக்கு வந்த இளைஞனுக்கு என்ன வேண்டுமாம் என்று மாடியிலிருந்து அம்மா கேட்கிறாள். மகள் மேரி குறும்பாகச் சொல்லும் பதிலிலும் இதே 'மேக்கிங் வயலண்ட் லவ்' வருகிறது. பழைய பொருள் அப்போதும் உயிரோடு இருந்ததால்தான் அந்தக் குறும்பு குடும்பப் படத்தில் செல்லுபடியானது. அடுத்த 20 ஆண்டுகளில், வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் 'மேக் லவ், நாட் வார்' என்று முழங்கியபோது புதுப்பொருள்தான் எல்லோர் மனத்திலும் இருந்தது.

ஸ்பானியத்தில் இதற்கு நேர் இணை 'அசேர் எல் அமோர்'. 'செய்', 'காதல்' என்ற அதே இரண்டு சொற்கள்தான். அதுவும் முன்பு ஒரு பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து மனத்தை வெல்ல முயல்வதைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டு ஸ்பானிய நாவல்களில் முற்றத்திலும் பால்கனிக்குக் கீழேயும் ஆண்கள் 'அசேர் எல் அமோர்' செய்வதைப் படித்துவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு. பிரெஞ்சிலும் இதே தொடர் இதே வழியில்தான் நகர்ந்தது. நாகரிகமாகச் சொல்ல வேண்டிய செயலுக்கு இடக்கரடக்கலாக ஒரு மென்மையான தொடரைக் கடன் வாங்குகிறார்கள். சில காலத்தில் கடன் வாங்கிய பொருளே முதன்மையாகி, பழைய பொருளைத் துரத்திவிடுகிறது. எந்த மொழிக்கும் பொதுவான நடப்புதான் இது.

அப்படித் துரத்தப்பட்ட இன்னொரு பொருள் 'லவர்' என்பதற்குள் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில், சீசரைக் கொன்ற புரூட்டஸ் மக்கள் முன் எழுந்து, ரோமானியர்களே, நாட்டு மக்களே, 'லவர்ஸ்' என்று விளிக்கிறான். கூட்டத்தில் இருப்பவர்கள் அவனுடைய நண்பர்கள். ஆஸ்டின் காலத்தில் 'லவர்' என்பவன் மணக்க விரும்பி வருகிறவன். இன்றோ திருமணத்துக்கு வெளியே உடலுறவு வைத்திருப்பவர் என்ற நிழல் அதன் மீது விழுந்துவிட்டது. ஸ்பானியத்தின் 'அமாந்தே' அதே பாதையில் இன்னும் வேகமாகப் போனது. இன்று ஸ்பெயினில் ஒருவருக்கு 'அமாந்தே' இருக்கிறார் என்றால் கணவனுக்கோ மனைவிக்கோ தெரியாத உறவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அதே ஸ்பெயினின் அரகோன் பகுதியில் தெருவெல் என்ற ஊர் தன் 'அமாந்தே'களைப் பற்றிப் பெருமை பேசிக்கொள்கிறது. கதை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததாக மரபு. ஏழையான தியேகோ, தான் காதலிக்கும் இசபெலை மணப்பதற்காகப் பொருள் தேடி வர ஐந்து ஆண்டு தவணை பெற்றுப் போகிறான். திரும்பி வரும்போது இசபெலுக்குத் திருமணம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு முத்தம் கேட்கிறான். கணவன் இருக்கும்போது கூடாது என்று மறுக்கிறாள். அங்கேயே விழுந்து சாகிறான். மறுநாள் அவன் பிணத்தின் மீது குனிந்து அந்த முத்தத்தைக் கொடுத்துவிட்டு அவளும் உயிரை விடுகிறாள். ஊரில் இருக்கும் அவர்களுடைய கல்லறைச் சிற்பத்தில் இருவர் கைகளும் நீண்டு நெருங்கியிருக்கும், ஆனால் தொடாது. இவ்வளவு கற்போடு செத்தவர்களுக்கு ஊர் வழங்கும் பெயர் 'லோஸ் அமாந்தேஸ்'. பெயராக உறைந்துவிட்டதால் அந்த ஒரு தொடரில் மட்டும் பழைய பொருள் தப்பித்தது.

ஒரே தொடர் ஒரு மொழியில் கெட்டு, இன்னொன்றில் கெடாமல் இருப்பதற்கு விவிலியத்தின் உன்னதப்பாட்டைப் பாருங்கள். தலைவி காதல் நோயால் வாடுவதைச் சொல்லும் இரண்டாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தை, 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'ஐ ஆம் சிக் ஆஃப் லவ்' என்று தந்தது. காதலால் நோயுற்றேன் என்பது பொருள். இன்று ஒரு ஆங்கிலேயர் அதே சொற்களைச் சொன்னால், காதலே வேண்டாம், சலித்துவிட்டது என்று அர்த்தம்! இடையில் நடந்தது இதுதான்: 'சிக் ஆஃப்' என்ற இரு சொற்களும் ஒட்டிக்கொண்டு, சலிப்பைக் குறிக்கும் தனித்தொடராகிவிட்டன. பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் வந்தாலும் அதைக் கசப்பாக்கிவிடும் தொடர் அது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் வேறு வழியில்லாமல் வேறு சொற்களுக்குத் தாவினார்கள். ஸ்பானியத்தில் அந்தச் சிக்கல் வரவில்லை. 1960இல் திருத்தி வெளியிடப்பட்ட ரெய்னா-வலேரா விவிலியம் 'என்ஃபெர்மா தே அமோர்', காதலால் நோயுற்றவள், என்றே சொல்கிறது. எந்த ஸ்பானியருக்கும் அது உடனே விளங்கும். (இந்தப் பாட்டை மக்கள் மொழியில் பெயர்த்ததும் ஒரு குற்றச்சாட்டாகி, ஃப்ராய் லூயிஸ் தே லெயோன் என்ற துறவி 1572 முதல் 1576 வரை மத விசாரணை மன்றத்தின் சிறையில் இருந்தார். அவருக்கு ஏற்பட்ட சிக்கல் வேறு வகை.)

பைத்தியத்துக்கும் காதலுக்கும் உள்ள உறவு இரண்டு மொழிகளிலும் சுவையானது. 14ஆம் நூற்றாண்டில் ஹுவான் ரூயிஸ் என்ற பாதிரியார் எழுதிய நெடும்பாட்டு 'புவென் அமோர்', 'லோகோ அமோர்' என்ற இரண்டு சேர்க்கைகளைச் சுற்றிச் சுழல்கிறது. முதலாவது நல்ல காதல், கடவுளை நோக்கியது. இரண்டாவது பைத்தியக் காதல், அதாவது பாவம். பைத்தியக் காதலின் தந்திரங்களைக் காட்டி எச்சரிக்கவே எழுதுகிறேன் என்கிறார். அத்தோடு நிறுத்தாமல், மனிதர் பாவம் செய்வது இயல்பு என்பதால், நான் பரிந்துரைக்கவில்லை என்றாலும், யாராவது அந்த வழியில் போக விரும்பினால் அதற்கும் இங்கே சில உபாயங்கள் உண்டு என்கிறார். பாதிரியாரின் நேர்மை! 1438இல் இன்னொரு பாதிரியார் 'லோகோ அமோர்' ஒழிக என்று ஒரு முழு நூலே எழுதினார். இன்றைய ஸ்பானியத்தில் 'லோகமெந்தே எனமொராதோ', பைத்தியமாகக் காதலிப்பவன், என்பது பாராட்டு. பைத்தியம் என்ற சொல் அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சேர்க்கை மட்டும் பிரசங்க மேடையிலிருந்து காதல் கடிதத்துக்கு இடம் மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் நடந்தது இதைவிட வினோதம். 'ஃபாண்ட்' என்றால் இன்று பிரியமுள்ள என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் அது அசடு என்பதைக் குறித்தது. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் தன்னை 'ஃபூலிஷ் ஃபாண்ட் ஓல்ட் மேன்' என்று நொந்துகொள்ளும்போது, அங்கே அசட்டுத்தனம் இரண்டு முறை வருகிறது. பிள்ளைமேல் அசட்டுப் பாசம், பெண்மேல் அசட்டுக் காதல் என்று திரும்பத் திரும்ப அன்போடு சேர்த்தே சொல்லப்பட்டதால், அந்த அன்பு 'ஃபாண்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே இறங்கி, அசடு வெளியேறிவிட்டது. ஃபிர்த்தின் சகவாசக் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் இல்லை.

ஸ்பானியத்தில் உண்டு. அந்த மொழி கற்பவர்கள் முதல் வாரத்திலேயே மோதிக்கொள்ளும் 'கெரேர்' என்ற வினைதான் அது. லத்தீனில் அதன் மூதாதைக்குத் 'தேடு' என்று பொருள். தேடுவது வேண்டுவதாக மாறியது. பிறகு 'நன்மை' என்ற சொல்லோடு சேர்ந்து 'கெரேர் பியென்', ஒருவருக்கு நல்லது வேண்டு, என்ற சேர்க்கை உருவானது. ஒருவருக்கு நல்லதை வேண்டுவது அவரிடம் அன்பு வைப்பதுதானே? காலப்போக்கில் நன்மை என்ற சொல் இல்லாமலே 'கெரேர்' அன்பைக் குறிக்கத் தொடங்கியது. இத்தாலியர்கள் இன்றும் அந்த நன்மையைச் சேர்த்தே சொல்கிறார்கள். இன்று 'தே கியேரோ' என்பதை அம்மாவிடம் சொல்லலாம், தோழியிடம் சொல்லலாம், காதலியிடமும் சொல்லலாம். லத்தீனிலிருந்து நேராக வந்த 'அமார்' என்ற வினையில் பிறந்த 'தே அமோ' கனமானது. ஸ்பெயினில் அன்றாடப் பேச்சில் அதைக் கொஞ்சம் நாடகத்தனமாகக் கருதுவார்கள். லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளில் அவ்வளவு கூச்சமில்லை. உணவு, உடை, பாட்டு போன்றவற்றுக்கு 'எங்காந்தா' என்ற வேறு சொல். மயக்குகிறது என்று பொருள். ஆங்கிலத்தின் 'லவ்' கடவுளிலிருந்து கத்தரிக்காய் வரை எல்லாவற்றோடும் சேரும். அதைப் பார்த்துப் பழகிய லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் இப்போது பீட்சாவுக்கும் 'அமோ' என்கிறார்கள். மொழித்தூய்மை பேசுவோருக்கு எரிச்சல்தான்.

'காதலில் விழு' என்பதற்கும் ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே 'ஃபால் இன் லவ்' சாதாரணத் தொடர். ஸ்பானியத்தில் விழுவதே இல்லை. 'எனமொரார்சே' என்ற ஒரே வினை போதும். காதலுக்குள் புகு என்பதுபோல் அமைந்த சொல். ஆங்கிலேயர் காதலிப்பது ஒருவர் 'உடன்', ஸ்பானியர் காதலிப்பது ஒருவர் 'இலிருந்து' என்பதுபோல் இடைச்சொல்லும் வேறுபடும். கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. தமிழில் பழைய வழக்கு காதல் கொள்வதும் காதல்வயப்படுவதும்தான். நாம் விழத் தொடங்கியது ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் என்று படுகிறது.

ஒரே வேரிலிருந்து போன சேர்க்கை இரண்டு மொழிகளில் இரண்டு பொருள் எடுப்பதற்கு 'பிளேட்டோனிக்' நல்ல உதாரணம். 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்சில் ஃபிச்சினோ என்ற அறிஞர் பிளேட்டோவைப் படித்து, அழகிலிருந்து ஆன்மா மேலே ஏறும் காதல் என்ற பொருளில் அந்தப் பெயரைப் பரப்பினார். 1630களில் முதலாம் சார்லஸ் மன்னரின் அரசவையில், அரசி ஹென்ரியெட்டா மரியாவைச் சுற்றி அது ஒரு நாகரிகமாகப் பரவியது. இன்று ஆங்கிலத்தில் இரண்டு பேர் உறவு 'பிளேட்டோனிக்' என்றால் அவர்கள் வெறும் நண்பர்கள். ஸ்பானியத்தில் 'அமோர் பிளாத்தோனிகோ' என்றால் எட்டாத ஒருவர் மீது தூரத்திலிருந்து வைத்த ஏக்கம். பள்ளிக்கூட டீச்சர், சினிமா நடிகர், எதிர்வீட்டுப் பெண். தன் தோழியை ஸ்பானியத்தில் அப்படி அறிமுகப்படுத்தும் ஆங்கிலேயர் ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கும்.

சேர்க்கையே ஒரு சொல்லைக் காப்பாற்றி வைப்பதும் உண்டு. 'அன்ரிக்வைட்டட்' என்ற ஆங்கிலச் சொல் ஒருதலைக் காதலோடு அல்லாமல் வேறெங்கும் அநேகமாக வருவதில்லை. காதல் கைவிட்டால் அந்தச் சொல் செத்துவிடும். ஸ்பானியத்தில் 'பெர்திதமெந்தே' என்ற சொல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். தன்னையே தொலைத்துவிட்டதுபோல் காதலிக்கிறவர்களுக்கென்றே வைத்த சொல்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முன்பு அகராதிக்காரர்கள் சீட்டுகளில் மேற்கோள் எழுதிச் சேர்த்தார்கள். இப்போது கணினியில் தேடும்படி தொகுத்த மொழித் தரவகங்கள் இருக்கின்றன. அமெரிக்க மொழியியலார் மார்க் டேவீஸ் உருவாக்கிய வரலாற்று ஆங்கிலத் தரவகம் 1820 முதல் 2019 வரை 47.5 கோடி சொற்கள் கொண்டது. அவருடைய ஸ்பானியத் தரவகம் 13ஆம் நூற்றாண்டிலிருந்து 20 வரை 10 கோடி சொற்கள். ஸ்பானிய ராயல் அகாதமியும் தொடக்க காலம் முதல் 1974 வரையிலான தரவகம் ஒன்றை வைத்திருக்கிறது. கணக்கு எளிதுதான்: இரண்டு சொற்கள் தற்செயலாக எத்தனை முறை அருகருகே வரும் என்று கணித்து, உண்மையில் எத்தனை முறை வந்திருக்கின்றன என்பதோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது பழகிய சேர்க்கை. அதையே ஒவ்வொரு பத்தாண்டுக்கும் செய்தால் சகவாசம் மாறிய காலம் தெரியும்.

நீங்களே பார்க்க விரும்பினால், கூகுள் 2010இல் வெளியிட்ட என்கிராம் வியூவர் போதும், இலவசம்; ஒரு தொடர் அச்சு நூல்களில் எந்தெந்த ஆண்டில் எவ்வளவு வருகிறது என்று கோடு வரைந்து காட்டும் இணையக் கருவி அது. 'வயலண்ட்லி இன் லவ்', 'மேட்லி இன் லவ்' இரண்டையும் ஆங்கில எழுத்தில் காற்புள்ளியிட்டு உள்ளிட்டால் கோடுகள் வரும். கோடு புத்தகங்களைத்தான் காட்டும். தெருவில் என்ன பேசினார்கள் என்று காட்டாது. இன்னொரு பொறியும் உண்டு. ஏறக்குறைய 1800க்கு முன் அச்சிட்ட ஆங்கில நூல்களில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து நீட்டி, 'எஃப்' போலவே இருக்கும். வருடிப் படிக்கும் மென்பொருள் பல இடங்களில் அதை 'எஃப்' என்றே எடுத்துக்கொண்டது. எனவே 17ஆம் நூற்றாண்டின் 'சிக் ஆஃப் லவ்' தேடிக் கிடைக்காவிட்டால், 'ஃபிக் ஆஃப் லவ்' என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.